கடைசி மூன்று இலக்கம்

ஸ்வீடன் ராணுவத்தின் பழைய மாசர் ரைஃபிளை முதல்முறை கையில் வாங்கும் யாருக்கும் கண் நேராகப் பித்தளை வில்லைக்குத்தான் போகும். பின்கட்டையின் வலது பக்கத்தில், மரத்தோடு மட்டமாக, நடுவில் ஒரே ஒரு திருகோடு நாணயம் போலப் பதிந்திருக்கும். பேரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ராணுவம் குத்துகளால் குறித்துவைத்த தகடு அது. எனக்கும் அதுதான் நடந்தது. வில்லையைப் பார்த்து மயங்கி, மற்றதைப் பார்க்க மறந்து, 550 டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2016 ஏப்ரல். மினியாபொலிஸுக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்தில் கன் ஷோ. வரிசையாக மடக்கு மேசைகள், காய்ந்த மாட்டிறைச்சி விற்கிற கடை, பழைய பதக்கம் விற்கிற தாத்தாக்கள். மேசை மேல் இருக்கும் துப்பாக்கி ஒவ்வொன்றிலும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்பு உருளையான போல்ட் வழியாக ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டிருப்பார்கள். பாதுகாப்புக்கான விதி அது. அதனால் பேரலுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. விற்பவரிடம் கேட்டால் அந்தப் பிளாஸ்டிக் கட்டை வெட்டிக் காட்டுவார், பார்த்து முடித்ததும் புதிதாக ஒன்று போட்டுவிடுவார். அப்படிக் கேட்கலாம் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். துணிக்கடையில் பத்துப் புடவையை விரிக்கச் சொல்லக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான்.

விற்பவர் நன்றாகப் பேசினார். "இது பின்லாந்துக்குப் போய்ப் பனி மூடிய போர்க்களத்தைப் பார்த்துவிட்டு வந்த துப்பாக்கி" என்றார். வில்லையைக் காட்டி, "பாருங்கள், ஒரு குத்துகூட இல்லை, பேரல் புதுசு மாதிரி" என்றார். வில்லையைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அந்த வில்லை அந்தத் துப்பாக்கிக்கு உரியதா என்பதைத்தான் நான் கேட்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம், இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி: "நானும் ஒன்று வாங்கலாமா?" அதற்கு முதல் பதில் துப்பாக்கியைப் பற்றியதே அல்ல, விசாவைப் பற்றியது. எச்1பி, எஃப்1, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் குற்றம், பச்சை அட்டைக் கனவும் அதோடு போச்சு. நான் பச்சை அட்டை வந்த பிறகுதான் இந்தப் பக்கமே திரும்பினேன்.

எத்தனையோ நாட்டுத் துப்பாக்கிகள் இருக்க ஸ்வீடன் எதற்கு? அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை. பம்ப்செட் உதிரிப்பாகம் கடைவதுதான் தொழில். இரும்புச் சுருள் காலில் குத்தி வளர்ந்த எனக்கு, நன்றாகக் கடைந்த இரும்பைக் கண்டால் கை நிற்காது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு பெரியவர் தன்னுடைய ஸ்வீடிஷ் ரைஃபிளின் போல்ட்டை ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் தடவிய கண்ணாடி மேல் கண்ணாடி வழுக்குவதைப் போல ஓடியது. நூறு வருஷத்துக்கு முந்தைய வேலை அது. அன்றோடு நான் ஆள் காலி.

அதற்கான காரணங்கள் பிற்பாடு தெரிந்தன. 1890களில் ஸ்வீடனும் நார்வேயும் ஒரே மன்னருக்குக் கீழ் இருந்தன. இரு நாட்டு நிபுணர்களும் கூடி 6.5×55 என்ற ஒரு பொதுத் தோட்டாவை முடிவு செய்தார்கள். தோட்டாவில் ஒத்துப்போனவர்கள் துப்பாக்கியில் ஒத்துப்போகவில்லை. நார்வே கிராக்-யோர்கென்சனை எடுத்துக்கொண்டது, ஸ்வீடன் மாசரை எடுத்துக்கொண்டது. 1905ல் அந்த ஒன்றியமே பிரிந்துபோனது, தோட்டா மட்டும் இரண்டு பக்கமும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஸ்காண்டிநேவியாவில் மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் அதை எடுத்துப் போகிறார்கள்.

முதலில் வந்தது குதிரைப்படைக்கான எம்/94 கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள். பேரல் 450 மில்லிமீட்டர்தான். அடுத்தது காலாட்படையின் எம்/96, 739 மில்லிமீட்டர் பேரலோடு மொத்தம் நாலடிக்கு மேல் நீளம். 1899, 1900 ஆண்டுகளில் ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் ஊரில் மாசர் ஆலையே சுமார் 40,000 எம்/96 செய்து கொடுத்தது. அங்கே செய்தாலும் இரும்பு ஸ்வீடன் இரும்பாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். பெரும்பான்மை எஸ்கில்ஸ்டூனா ஊரின் கார்ல் குஸ்டாஃப் அரசு ஆலையில் செய்தவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹஸ்க்வர்னாவும் சேர்ந்துகொண்டது. ஆமாம், பைக்கும் மரமறுக்கும் ரம்பமும் விற்கிற அதே பெயர்தான். 1689ல் துப்பாக்கி ஆலையாகத் தொடங்கிய ஊர் அது. பைக் டாங்க்கில் இருக்கும் அந்தக் கிரீடம் மாதிரியான சின்னம், பேரலின் முனையிலிருந்து பார்த்தால் தெரியும் குறிபார்க்கும் அமைப்பின் வடிவம்.

நீள ரைஃபிள் அசௌகரியம் என்று 1938ல் 600 மில்லிமீட்டர் பேரலுக்கு இறங்கினார்கள். அதுதான் எம்/38. இதில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய எம்/96ஐ அரசு ஆலையிலேயே வெட்டிக் குட்டையாக்கியது ஒன்று. அதில் போல்ட்டின் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஹஸ்க்வர்னா புதிதாகவே குட்டையாகச் செய்தது இன்னொன்று. அதில் கைப்பிடி கீழே வளைந்திருக்கும். இரண்டும் ராணுவம் செய்ததே, எதுவும் போலி இல்லை. நான் வாங்கியது முதல் வகை. மேலே கிரீடம், அதன் கீழே கார்ல் குஸ்டாஃப் பெயர், 1908 என்ற ஆண்டு.

ஸ்வீடன் இரண்டு உலகப் போரிலும் கலந்துகொள்ளவில்லை. இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சேற்றைப் பார்த்ததில்லை. கிடங்கில் இருந்தன, பயிற்சிக்குப் போயின, திரும்பி வந்தன, அளவெடுக்கப்பட்டன, குறித்துவைக்கப்பட்டன. அந்த நாட்டின் கணக்குப்பிள்ளைத்தனம்தான் இந்தச் சேகரிப்பின் ருசியே. மற்ற நாட்டுத் துப்பாக்கிகளில் கதையைத் தேட வேண்டும். இதில் ஏட்டைப் படிப்பது போலப் படிக்கலாம். எனக்கு அப்போது எழுத்துக்கூட்டவே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பா 2017 கோடையில் வந்தார். அம்மாவின் ஊறுகாய் ஒரு பெட்டி, அப்பாவின் வெர்னியர் காலிப்பர் ஒரு பெட்டி. அமெரிக்கா வருவதற்கு எதற்கு வெர்னியர் என்று கேட்டால், "இருக்கட்டும் கண்ணு, எங்காச்சும் தேவைப்படும்" என்றார்.

சுற்றுலா விசாவில் வந்தவர், ஆகையால் துப்பாக்கி அவர் கைக்குப் போகக்கூடாது. இதில் நான் கறார். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது நடு உடல்தான், சீரியல் நம்பர் அடித்த அந்த இரும்பு. போல்ட், திருகு, வில்லை எல்லாம் வெறும் பாகங்கள். எனவே உடலைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போல்ட்டையும், கட்டையிலிருந்து கழற்றிய வில்லையையும், திருகுகளையும் மட்டும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதலில் எடுத்தது போல்ட்டை அல்ல, வில்லைத் திருகை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதைக் கழட்டினது நீயா கண்ணு?"

"இப்ப நான்தாங்கப்பா கழட்டினேன்."

"அதைக் கேக்கல. உனக்கு முன்னால. பாரு, வாய் கிழிஞ்சு கெடக்குது. அளவு பத்தாத திருப்புளியைப் போட்டு நெம்பியிருக்கான். இத்தனை சுத்தமா வேலை செஞ்ச பட்டறைக்காரன் இப்படிக் கழட்ட மாட்டான்."

திருகின் தலையில் இருக்கும் அந்த வெட்டுவாயை நான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு மற்றத் திருகுகளை வைத்து ஒப்பிட்டால், விசையைச் சுற்றி இருக்கும் காப்பின் இரண்டு திருகிலும் வெட்டுவாய் கத்தி போல இருந்தது. வில்லைத் திருகு மட்டும் சிதைந்திருந்தது. யாரோ வில்லையை வெளியில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். வில்லைகள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இங்கே வில்லையைப் படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அதில் மூன்று பிரிவு இருக்கும். ஒன்றில் பேரலின் உள்விட்டம். 6.5க்கு அடுத்து வரும் இலக்கத்தைச் சின்ன முக்கோணக் குத்து காட்டும், அதாவது 6.51ஆ 6.52ஆ என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு. இன்னொன்றில் 1, 2, 3 என்று மூன்றே எண். இது உள்பக்கத்தின் நிலை. எதிலும் குத்து இல்லையென்றால் பழுதில்லை, 3ல் குத்து விழுந்திருந்தால் துருவின் வடு உண்டு, ஆனாலும் ராணுவம் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டது. மூன்றாவது பிரிவில் டோர்பெட் என்று போட்டிருக்கும். பழைய தோட்டாவின் குண்டு மொட்டை மூக்கு, 10.1 கிராம். 1941ல் வந்தது கூர்மூக்கு, 9.1 கிராம் சுமார். புதியது தட்டையாகவும் வேகமாகவும் போகும் என்பதால் பழைய குறியில் வைத்துச் சுட்டால் எவ்வளவு தள்ளிப் படும் என்பதை அந்தப் பிரிவு சொல்லும்.

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை ஒவ்வொரு சிப்பாயின் துப்பாக்கியிலும் எழுதிவைத்த ராணுவம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நம்ம கஸ்டமருங்க ரெண்டு தவுசண்டுக்கே சண்டைக்கு வருவாங்க" என்று மட்டும் சொன்னார். தவுசண்ட் என்பது பட்டறைப் பேச்சில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடுத்து போல்ட். ஸ்வீடிஷ் போல்ட்டுக்குக் கறுப்பு முலாம் கிடையாது, வெள்ளியாகப் பளபளக்கும். முன்முனையில் இரண்டு காது. சுடும்போது தோட்டா பின்னால் உதைக்கிற மொத்த உதையையும் தாங்குவது அந்த இரண்டு காதும்தான். அப்பா போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரல் நகத்தால் காதின் பின்பக்கத்தை வருடினார், அப்புறம் பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்தார். அவர் பேசாமல் இருந்தால் ஏதோ கண்டுவிட்டார் என்று அர்த்தம்.

"ஒரு காது உரசி மின்னுது. இன்னொண்ணு கருக்கழியாம அப்படியே இருக்குது பாரு. ஒத்தைக் காதுதான் வேலை செய்யுது. இது சோடி இல்ல கண்ணு."

"எப்படிச் சொல்றீங்க, நூறு வருஷம் ஓடினது..."

"நூறு வருஷம் ஓடினா ரெண்டும் சமமா உக்காந்திருக்கும். இது வேற வூட்டுப் பொண்ணு. நம்ம பட்டறையில பிளவு புஷ் பண்ணினா ரெண்டு பாதிக்கும் ஒரே நம்பர் அடிக்கறோமில்ல? இவனுங்க அடிக்காம இருப்பானுங்களா? நம்பரைப் பாரு."

பார்த்தேன். உடலில் முழு சீரியல் நம்பர், கடைசியில் 417. போல்ட்டில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் அடிப்பது ஸ்வீடன் வழக்கம். அதில் இருந்தது 862. ஒரு வருஷமாக வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன். 862 என்பதை எத்தனை முறை பார்த்திருப்பேன், அதை 417க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. அதன் பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். சேஃப்டி, பின்மூடி, அடித்தட்டு, வளையங்கள் எல்லாவற்றிலும் கடைசி இரண்டோ மூன்றோ இலக்கம் உண்டு. போல்ட்டும் அதோடு சேர்ந்தவையும் 862 குடும்பம், மற்றதெல்லாம் 417 குடும்பம்.

பின்லாந்துக் கதையும் அதோடு கரைந்தது. பின்லாந்து ராணுவம் தன் உடைமையில் ஒரு பெட்டிக்குள் எஸ்.ஏ. என்ற எழுத்துகளை அடிக்கும். என்னுடையதில் அது இல்லை. இல்லாததால் போகவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கிய 1939-40 குளிர்காலப் போரில் ஸ்வீடன் தன்னார்வலர்கள் போய் வந்தார்கள், அவர்கள் துப்பாக்கி ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் முத்திரை இல்லாத கதைக்கு நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்த முட்டாள் நான் ஒருவன்தான். சில பேர் பின்தகட்டைக் கழற்றி உள்ளே சிப்பாயின் பெயர்ச்சீட்டு தேடுவார்கள். அது ஸ்விஸ் கே31 துப்பாக்கியின் பழக்கம். ஸ்வீடன் துப்பாக்கியில் தேடினால் மரம்தான் கிடைக்கும். பின்தகட்டின் மேலே மட்டும் படைப்பிரிவின் முத்திரை இருக்கும். ஐ என்றால் காலாட்படை, கே என்றால் குதிரைப்படை, ஏ என்றால் பீரங்கிப்படை, கூடவே பிரிவின் எண்.

சோடி மாறின போல்ட்டோடு சுடுவது ஆபத்தா? ஆபத்தாக இருக்கலாம் என்பதுதான் சரியான பதில். தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அளக்க மூன்று கேஜ் உண்டு. முதல் கேஜில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக்கூடாது, மூன்றாவதில் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். இரண்டாவதில் கொஞ்சம் திணறி மூடியது, மூன்றாவதில் மூடவில்லை. "மிதமான தோட்டா மட்டும் போடு, வெளியே வரும் தோட்டாக் கூட்டின் அடியில் பளபளப்பான கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு" என்றார். கோடு விழுந்தால் கூடு கிழியப் போகிறது என்று பொருள். அளப்பதற்கு நாற்பது டாலர் வாங்கினார். வாங்குவதற்கு முன்னால் அந்த நாற்பதைச் செலவழித்திருந்தால் 200 டாலர் மிச்சம்.

பேரலின் கதை வேறு. வில்லை பொய் சொன்னதால் உள்ளே என்ன இருக்கும் என்று பயந்து பார்த்தேன். கறுப்பாக இருந்தது. ஆனால் கறுப்பெல்லாம் துரு இல்லை. குண்டின் மேலுறை உலோகம் வருஷக்கணக்கில், பேரலுக்குள் முறுக்கிப் போகும் பள்ளங்களான புரிகளில் அப்பிக்கொண்டு இருந்தால் அப்படித்தான் தெரியும். செம்பு கரைக்கும் திரவத்தைத் தடவி, ராத்திரி விட்டு, காலையில் துணியை இழுத்தால் மயில்நீலமாக வரும். இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் துணி வெள்ளையாக வந்தது. உள்ளே பார்த்தால் புரி கூர்மையாக நின்றது, தோட்டா அறையிலிருந்து ஒரு சாண் தள்ளி மட்டும் துருவின் வடு. அசல் வில்லை இருந்திருந்தால் 2ல் குத்தியிருப்பார்கள் என்பது என் கணக்கு. இந்தக் கறுப்புப் படிவைப் பார்த்துப் பயந்து நல்ல துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அதனால் இப்போது என் சட்டைப்பையில் எப்போதும் பேனா அளவுக்கு ஒரு வளைகழுத்து விளக்கு. பிளாஸ்டிக் கட்டை வெட்டச் சொல்ல வெட்கப்படுவதும் இல்லை.

மரத்தைப் பற்றி ஒன்று. பழைய கட்டைகள் வால்நட், பின்னால் வந்தவை பெரும்பாலும் பீச். மணல்தாள் போட்டு வழவழப்பாக்கி வார்னிஷ் பூசிய கட்டை புத்தம்புதிதாகத் தெரியும், சேகரிப்பவர் பார்வையில் பாதி செத்துவிட்டது. மரத்தில் அடித்த சின்ன சின்ன கிரீட முத்திரைகள் ஆய்வாளர்களின் கையெழுத்து. தேய்த்தால் போச்சு. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஸ்வீடன் வேலையில் மரம் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும், தேய்த்த கட்டையில் இரும்பு உயர்ந்து நிற்கும். மினசோட்டாவின் குளிர்காலக் காற்று மரத்தைப் பப்படம் மாதிரி காயவைக்கும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவுவேன். தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் குணமுள்ளது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட வேண்டும். என் கராஜில் ஒரு தடவை துணியைத் தொட்டபோது இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. அன்றைக்கு மனைவியிடம் சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் துப்பாக்கியில் பட்டதற்கு அப்புறம்தான் சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுத்தேன். சி அண்ட் ஆர் என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முப்பது டாலர், 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காத வரைக்கும். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் எழுதிவைப்பது கட்டாயம். சேகரிக்கத்தான் அது, வாங்கி விற்று லாபம் பார்க்க அல்ல. "அசல் உருவம்" என்ற இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள். 1950, 60களில் இங்கே மலிவாகக் குவிந்த ஸ்வீடிஷ் ரைஃபிள்களை வேட்டைக்காரர்கள் அறுத்து, கட்டையை மாற்றி, குறிகளைப் பிடுங்கி எறிந்து தொலைநோக்கி மாட்டிக்கொண்டார்கள். சுட அவை அருமையானவை, விலையும் குறைவு. ஆனால் அந்த லைசென்ஸில் வராது, திரும்ப விற்றால் சேகரிப்பு விலையும் கிடைக்காது.

1968ல் ராணுவக் கழிவுத் துப்பாக்கி இறக்குமதியைச் சட்டம் நிறுத்தியது, எண்பதுகளின் நடுவில்தான் திரும்பக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இறக்குமதியாளரின் பெயர் சின்னதாகப் பொறித்திருக்கும், பெரும்பாலும் பேரல் முனையின் கீழ்ப்பக்கம். அது இல்லாதது பழைய வரவு என்று கொஞ்சம் விலை ஏறும். அதைச் சுரண்டி அழித்தவர்களும் உண்டு, எனவே அந்த இடத்தில் முலாம் வேறு நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இன்னொரு விலையேற்றம், ஆண்டு. 1898 முடிய செய்தது சட்டப்படி பழம்பொருள், மத்தியச் சட்டத்தின் துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. 1898 கார்ல் குஸ்டாஃபும் 1899 ஓபெர்ன்டார்ஃபும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையில் மட்டும் தம்பி தாழ்ந்து நிற்பான். எம்/94 கார்பைன் என் கைக்கு எட்டாது. எம்/41 ஸ்னைப்பர் பற்றிக் கேட்காதீர்கள். மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம், போலிகள் அதைவிட ஆர்வமாகச் சுற்றுகின்றன.

சுடுவதில் முதல் நாளே ஒரு குழப்பம் வரும். எம்/96ல் பின்குறியை எவ்வளவு இறக்கினாலும் 300 மீட்டருக்குக் கீழே இறங்காது. நூறு கஜத்தில் நடுவை வைத்துச் சுட்டால் ஓரடி வரைக்கும் மேலே குத்தும். துப்பாக்கி கோணல் என்று நினைத்துப் பின்குறியை அராவிவிடாதீர்கள். உயரமான முன்குறி ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது, அசலைப் பொட்டலம் கட்டி எண்ணெய்த்தாளில் வைத்துக்கொள்ளலாம். பேரல் முனையில் மரை இருந்தால் சைலன்சருக்கா என்று பயப்பட வேண்டாம். பயிற்சித் தோட்டாவில் மரக்குண்டு இருக்கும், அதைப் பொடியாக்கும் கருவியை மாட்டத்தான் அந்த மரை.

குண்டின் எடையில் 9 கிராமுக்குப் பக்கமாகவே இருங்கள். 200 மில்லிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்ற வேகமான புரியும், புரி தொடங்கும் முன் இருக்கும் நீளமான தொண்டையும் மொட்டை மூக்குக் குண்டுக்காகவே செய்தவை. இலேசான குண்டு போட்டால் புரியைத் தொடவே கொஞ்ச தூரம் தாவ வேண்டும். அழுத்தத்தையும் பாருங்கள். இந்த மாசர் 1898 மாடலுக்கு முந்தையது, மூன்றாவது பாதுகாப்புக் காது இதற்கு இல்லை. அமெரிக்கத் தரம் இந்தப் பழைய துப்பாக்கிகளை நினைத்து 51,000 பி.எஸ்.ஐ. என்று அடக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தரம் அதைவிட உயரம். பெட்டியின் மேல் புதிய ரைஃபிளுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் எனக்கல்ல என்று திருப்பி வைத்துவிடுவேன்.

அரைத் தானியங்கி வகையில் லியுங்மன் ஏ.ஜி.42பி என்று ஒன்று உண்டு. எரிக் எக்லுண்ட் வடிவமைத்தது. மேல்மூடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துத் திறக்க வேண்டும். கையை எடுக்க மறந்தால் அது நினைவுபடுத்தும். ரேஞ்சில் ஒரு நண்பரின் கட்டைவிரல் நகம் ஆறு மாதம் கருநீலமாக இருந்தது. நான் வாங்கவில்லை.

இப்போது என்னிடம் மூன்று. 1908 குட்டையன், 1943 ஹஸ்க்வர்னா எம்/38, எல்லா நம்பரும் ஒத்துப்போகிற 1916 எம்/96 ஒன்று. மூன்றாவதற்கு இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஆயுத பூஜையன்று பெட்டகத்தின் கதவில்தான் சந்தனம் குங்குமம், இரும்பில் வைத்தால் ஈரம் உட்கார்ந்துவிடும் என்று மனைவியிடம் முதல் வருஷமே சண்டை போட்டாகிவிட்டது. கதவைத் திறந்து வைத்துக் கற்பூரம் காட்டுவோம், அவ்வளவே.

நல்லது வந்த பிறகு அந்த 1908ஐத் தள்ளிவிடச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள். விற்கவில்லை. கன் ஷோவுக்குப் போனால் மேசைக்கு அடியில் உதிரிப்பாகப் பெட்டி வைத்திருப்பார்கள். அதில் தனிப் போல்ட்கள் இருபது முப்பது கிடக்கும். மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டி நம்பர் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 109. 733. 571. ஒரு தடவை 471 வந்தது, மூச்சு நின்றுவிட்டது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 471தான். அதே மூன்று இலக்கத்தில் முடியும் துப்பாக்கி நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும், 417 கிடைத்தாலும் அது இதனுடைய போல்ட்தான் என்பதற்கு உறுதி இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "காதுல மையைத் தடவி மாட்டிப் பாரு கண்ணு, ரெண்டு பக்கமும் சமமா ஒட்டினா அதுதான்" என்றார்.

ஞாயிறு காலை ஃபோனில் முதலில் அம்மா பேசுவார், அப்புறம் அப்பாவிடம் போகும். பேரனைக் கேட்பார், குளிரைக் கேட்பார். வைக்கப்போகிற நேரத்தில்தான் வரும்.

"அந்த நானூத்திப் பதினேழு கெடச்சுதா?"

"இன்னும் இல்லீங்கப்பா."

"செரி, பாரு."